ஜெட் நம்பர் கேட்ட மாப்பிள்ளைக்கு

வேப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். என் அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறையாவது மறக்காமல் சொல். நீ போன் செய்தால் வண்டியை விட்டு வேறு பேச்சே வருவதில்லை.

மூன்று தடவை பேசினாய், மூன்று தடவையும் ஒரே கேள்வி: "மாமா, மெயின் ஜெட் என்ன நம்பர் போடணும்?" நான் மழுப்பினேன். நம்பரைச் சொன்னால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் காதில் வாங்க மாட்டாய். அதனால்தான் கடிதம். பொட்டலத்தில் இரண்டு பிளக் இருக்கும். சிவப்பு நூல் கட்டியது நீ வண்டியை இங்கே விட்டுப் போனபோது அதில் இருந்தது. நூல் இல்லாதது நேற்றுக் காலையில் நான் கழற்றியது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் நூல் கட்டியது. பீங்கானின் மூக்கைப் பார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. டார்ச் அடித்து அதே பீங்கானின் அடியைப் பார், இரும்போடு சேரும் இடத்தை. அங்கே கரி. மூக்கு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. அடியில் கரி என்றால் பெட்ரோல் மிச்சம். ஒரே பிளக்கில் இரண்டும். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, சூளை ஞாபகம்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எத்தனை வருஷம் பியூஸ் கேரியர் சுட்டேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் வேலையும் காற்றுக்கும் எண்ணெய்க்கும் பஞ்சாயத்து பண்ணும் வேலைதான். காற்று குறைந்தால் தீ மஞ்சளாக நீண்டு புகையோடு நக்கும். களிமண்ணில் இருக்கும் துளி இரும்பு அந்தத் தீயில் நீலச் சாம்பல் நிறம் கொடுக்கும். காற்று தாராளமாக இருந்தால் அதே மண் இளமஞ்சளாக வரும். சில நாள் சூளையைத் திறந்தால் மேல் தட்டுச் சரக்கு மஞ்சள், கீழ்த் தட்டுச் சரக்கு சாம்பல். புதிதாக வந்த பையன் பர்னரை ஏற்றுவதா இறக்குவதா என்று கேட்பான். இரண்டுமில்லை. கோளாறு ஒன்றல்ல, இரண்டு என்று அர்த்தம். உன் பிளக் சொன்னதும் அதைத்தான். நம்ம ஊர்ச் சரக்கு 1200 டிகிரிக்கு மேல் போனால் போதும். பிளக்கில் இருப்பது அலுமினாப் பீங்கான், 1600 டிகிரி வரை போய்ச் சுட்டது. அவ்வளவு சூடு தாங்கி வந்த பீங்கான் பொய் சொல்லாது.

உங்கப்பா 2001-இல் எடுத்த புல்லட் இது. வலது பக்க கியர், பாயிண்ட் செட். திருவொற்றியூர் ஃபேக்டரிக்காரன் அந்த கார்புரேட்டரில் பெட்ரோல் அளக்கும் ஜெட்டை வைத்தபோது மனசில் இருந்தது அந்த ஃபில்டர் டப்பாவும், அந்த நீளச் சைலன்சரும், அந்தக் காலத்துப் பெட்ரோலும். நீ டப்பாவைத் தூக்கிவிட்டு கோன் ஃபில்டர் போட்டாய், சைலன்சரை ஃப்ரீ ஃப்ளோ ஆக்கினாய். (சூளைக்குள் சூடு பார்க்க நாங்கள் வைப்பதற்கும் கோன் என்றுதான் பெயர். பதம் வந்தால் தானே தலை சாயும். உன் கோன் அப்படி எதுவும் சொல்லாது.) காற்று கூடினால் பெட்ரோலும் தானாகக் கூடி வராதா என்று நீ கேட்டது நல்ல கேள்வி. முழுசாக வராது. கார்புரேட்டரில் பெட்ரோலை யாரும் தள்ளுவதில்லை, காற்று உறிஞ்சித்தான் மேலே வருகிறது. வழியில் அடைப்பு இருந்தவரை உறிஞ்சல் பலமாக இருந்தது. அடைப்பை எடுத்ததும் காற்று சுலபமாக உள்ளே போகிறது, ஜெட்டின் மேல் இழுப்பு குறைகிறது. காற்று கூடுகிறது, அதே நேரத்தில் பெட்ரோல் பின்தங்குகிறது.

அதோடு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். எத்தனாலுக்கு 9 போதும். கலந்த சரக்குக்கு 13.5 பக்கம் வருகிறது. ஆக, ஜெட்டைத் தொடாமலே வண்டி கொஞ்சம் காய்ந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்செக்‌ஷன் வண்டி என்றால் அதுவே மோப்பம் பிடித்துச் சரிசெய்துகொள்ளும். இதற்கு நாம்தான் மூக்கு.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். செய்த முட்டாள்தனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடித்தது இல்லையா, அதைக் கேட்டதுமே ஜெட்டில் கை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை பொழுது பூராவும் கழற்றி மாட்டியே போனது. சாயங்காலம் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது, கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் ஆயில் கேனிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். சர்ரென்று உள்ளே இழுத்தது, சத்தமும் மாறியது. பேக்கிங் போயிருந்தது. சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்திலும் புகைக்கறை. இந்த இரண்டு ஒழுக்கையும் அடைக்காமல் எந்த ஜெட் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளந்த கதைதான். புதுப் பேக்கிங் போட்டு, போல்ட்டை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினேன். பாதி வெடிப்பு அத்தோடு நின்றது.

அப்புறம் மெயின் ஜெட். வெளியே 90 என்று அச்சு. உள்ளே சூரியனுக்கு நேராகப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். ஓட்டை வட்டமாக இல்லை, வேப்பம்பழம் மாதிரி நீண்டிருந்தது, ஓரமெல்லாம் கீறல். எவனோ அடைப்பெடுக்கிறேன் என்று கம்பி விட்டுக் குடைந்திருக்கிறான். நீ எங்கே கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். பித்தளைக்கு இரும்புக் கம்பி ஆகாது. ஊதிவிடு, இல்லையென்றால் பெட்ரோலில் ஊறப்போடு. ஆக அந்த 90 எதற்குச் சமம் என்று யாருக்கும் தெரியாது. முழுசாகத் திருகினால் பெட்ரோல் கொட்டியது. அடியில் இருந்த கரி அதனால் வந்தது. சைலன்சர் வாய் கருப்பாக இருப்பதைப் பார்த்து, பெட்ரோல் அதிகம் என்று நீ நீடில் கிளிப்பை மேல் காடிக்கு ஏற்றினாய் பார், அங்கேதான் கதை முற்றியது. கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், நடுவில் பெட்ரோல் குறையும். புல்லட் தன் ஆயுசில் பாதிக்கு மேல் ஓடுவது அந்த நடுவில்தான். மூக்கு வெளுத்தது அதனால்.

ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டிருக்கிறேன், பிய்த்துவிடாதே. கால் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பேசும், காலிலிருந்து முக்கால் வரை நீடில். மெயின் ஜெட் வாயைத் திறப்பது முக்காலுக்கு மேல்தான். எந்தக் கோட்டில் வண்டி முரண்டு பண்ணுகிறதோ அந்தக் கோட்டுக்காரனை மட்டும் விசாரி.

பைலட் 25 இருந்தது, 27.5 போட்டேன். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன். அங்கே ஐட்லிங் உச்சத்துக்கு வந்து நின்றது. மூடினால் பெட்ரோல் கூடும், திறந்தால் குறையும், மாற்றி நினைத்துக்கொள்ளாதே. கிளிப் மேலிருந்து நாலாவது காடி. மெயின் ஜெட்டுக்குப் புதுசாக 100, 105 இரண்டும் வைத்துப் பார்த்தேன்.

அதைப் பார்த்தது எப்படி என்றால், விடியற்காலை விருத்தாசலம் ரோட்டில். திருச்சி ரோடு வேண்டாம், லாரிக்காரன் பின்னால் வருவான். வண்டியை நன்றாகச் சூடாக்கி, புது பிளக் போட்டு, மூன்றாவது கியரில் முழுத் திருகலில் கொஞ்ச தூரம். அப்படியே சாவியை அணைத்து, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து, உருண்டு ஓரம் போய்க் கழற்ற வேண்டும். ஐட்லிங்கில் விட்டு நிறுத்தினால் பிளக் ஐட்லிங் கதையைத்தான் சொல்லும். 105-இல் வண்டி ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கடைத்தது, பீங்கான் அடியில் கருவளையம். 100-இல் மெல்லிய வளையம், டீ நிறம். நூல் இல்லாத பிளக் அதுதான். இப்போது புரிகிறதா நான் ஏன் நம்பர் சொல்லவில்லை என்று? இந்த 100 உன் வண்டிக்கு, இந்தப் பெட்ரோலுக்கு, இந்த ஃபில்டருக்கு. உன் சிநேகிதன் இதே வண்டியில் இதே ஜெட்டைப் போட்டுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்தேன். வெள்ளிக்கிழமையும் இதே வேலையாக விடியுமுன் ஸ்டார்ட் செய்தேன், ஆட்டுச் சந்தை நாள் என்பது தலையில் இல்லை. மினி லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கிடாக்கள் நாலு பக்கமும் தெறித்து ஓடின. வியாபாரி ஒருவர் வந்து, "யோவ், அது வண்டியா வேட்டா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரோடு நானும் ஆடு பிடித்தேன், இந்த வயதில்.

சத்தம் பற்றி உனக்கு அத்தை மூலம் சொல்லியனுப்பியும் காதில் ஏறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை உள்ளே போகவும் வழி இருக்கிறது, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். பயமுறுத்தவில்லை. இந்தச் சைலன்சரில் நீ அடைந்த வேகம் என்ன என்று நெஞ்சைத் தொட்டுச் சொல். நான் ஓட்டிப் பார்த்தேன், இழுப்பு கொஞ்சம் லேசானது நிஜம், அது ஃபில்டரும் ஜெட்டும் சேர்ந்து கொடுத்தது. சைலன்சர் கொடுத்தது பெரும்பாலும் சத்தம்தான். உங்கப்பா வாசலில் வந்து நிற்கும்போது டம் டம் என்று ஒரு நிதானம் இருக்கும், அக்கா அதைக் கேட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

பழைய சைலன்சரை நான் எடைக்குப் போடவில்லை. கரி தட்டி, துரு தேய்த்து, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். மாட்டுவதாக இருந்தால் மெயின் ஜெட்டை மறுபடி பார்க்க வேண்டும், நல்ல 90 ஒன்றும் 95 ஒன்றும் வாங்கி வா. ஜிபி ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். கடையிலேயே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அப்படியே 27.5 பைலட்டும் ஒன்று, என்னுடைய டப்பாவில் இருந்த கடைசியைத்தான் உன் வண்டிக்குப் போட்டேன். வியாழக்கிழமை ராத்திரி மட்டும் வராதே, மறுநாள் சந்தை. சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வா.

அன்புடன்,
மாமா