டோட்டம் ஊன்றுகிறவன்

2019 ஆகஸ்ட் 27

விடியற்காலை மூன்றரை. ஐரோப்பாவில் இப்போது நள்ளிரவு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டின் பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்ற பெயரில் இன்று மறுபடி திறந்திருக்கிறார்கள். 2004 நவம்பரில் அது முதலில் வந்தபோது மாதச் சந்தா கட்ட என்னிடம் காசு இல்லை, வீட்டில் இணையமும் இல்லை. மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் வார்கிராஃப்ட் 3 ஆடியதோடு சரி. இப்போது அக்கா மகன் ஜெர்மனியில் படிக்கிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் இருக்கும் சர்வரிலேயே நானும் சேர்ந்துகொண்டேன்.

"என்ன கிளாஸ் மாமா?"

"ஷாமன்."

"வேணாம் மாமா. அதுல எல்லாமே பாதிதான். பாதி அடி, பாதி ஹீல்."

அவன் வாரியர். வாரியர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

எனக்கு இந்த ஆசை வார்கிராஃப்ட் 3 நாளிலேயே வந்தது. ஓர்க் படையில் ஷாமன் என்று ஒரு ஆள் உண்டு. தானாகப் பெரிதாக எதையும் சாய்த்துவிட மாட்டான். பக்கத்தில் கோடரியோடு நிற்பவன் மேல் பிளட்லஸ்ட் என்ற மந்திரத்தைப் போடுவான். அவன் உடம்பு பருத்துச் சிவந்து, வெறி பிடித்தவன் மாதிரி வெட்டத் தொடங்குவான். அதே படையில் ட்ரோல் மந்திரவாதி ஒருவன் தரையில் குச்சி நட்டுவிட்டுப் போவான், சுற்றி நிற்பவர்களின் காயம் ஆறும். இன்று ஷாமன் தரையில் ஊன்றும் டோட்டத்துக்கு மூதாதை அந்தக் குச்சிதான் என்பது என் கணிப்பு.

கிளாசிக்கின் இரு தரப்புகளில் ஹோர்டு பக்கத்தில் மட்டுமே ஷாமன் உண்டு. அலையன்ஸுக்கு அதற்குப் பதிலாக பாலடின். 2007 ஜனவரியில் பர்னிங் க்ரூசேட் வந்த பிறகுதான் இரண்டும் இரு தரப்புக்கும் கிடைத்தன. கிளாசிக் ஷாமனுக்கு ஓர்க், டாரன், ட்ரோல் மூன்றில் ஒன்றை எடுக்கலாம். நான் ட்ரோல் பெண்ணை எடுத்தேன். காலுக்கு இரண்டே விரல், ஆனால் ஆடச் சொன்னால் அப்படி ஓர் ஆட்டம்!

செப்டம்பர் 1

ஷாமனுக்கு டோட்டத்தை யாரும் சும்மா கொடுப்பதில்லை. நிலம், நெருப்பு, நீர், காற்று என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குவெஸ்ட். நான்காவது லெவலில் நிலம். குகைக்குள் போய் ஃபெல்ஸ்டாக்கர் என்ற பிசாசு நாய்களைக் கொன்று குளம்பு கொண்டுவரச் சொல்கிறார்கள். நாய்க்கு ஏது குளம்பு என்று கேட்கக் கூடாது. குளம்பைக் கொடுத்ததும் சாப்டா என்று ஒரு கஷாயம் தருகிறார்கள். அதைக் குடித்துவிட்டு மேட்டில் ஏறினால் பாறைக்குப் பக்கத்தில் மண்ணாலான ஓர் உருவம் நிற்கிறது. குடிக்காதவர்கள் கண்ணுக்கு அங்கே வெறும் பாறைதான். சுற்றிலும் ஆடிக்கொண்டிருந்த வாரியர்களுக்கும் மேஜ்களுக்கும் நான் வெட்டவெளியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது போலத் தெரிந்திருக்கும். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்த ஓர் இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

நான் திரையைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு அம்மா என்னவென்று கேட்டாள். சாமியாடி மாதிரி ஒரு வேஷம் என்றேன்.

"சாமி வருமா?"

"வராதும்மா. நான்தான் பட்டனை அழுத்தணும்."

"அப்புறம் என்னடா சாமியாடி!"

அவள் கேட்டது சரிதான். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் ஷாமன் முரசடித்து, தன் நினைவு மறந்து, ஆவிகளின் உலகுக்குப் போய்வருகிறவர். பல குலங்களில், முதலில் நோயில் விழுந்து, அதிலிருந்து எழுந்தவரைத்தான் ஆவி தேர்ந்தெடுத்ததாக ஏற்பார்கள். 1930-களில் சோவியத் அரசு அவர்களில் பலரைப் பிடித்துச் சிறையில் போட்டது, முரசுகளைப் பறித்தது. டோட்டம் என்ற சொல்லோ வட அமெரிக்கப் பழங்குடிகளின் குலச் சின்னத்திலிருந்து வந்தது, சைபீரியாவிலிருந்து அல்ல. ஆட்டம் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, முரசையும் மயக்கத்தையும் வெளியே எறிந்துவிட்டது. மிஞ்சியது உடுப்பும் குச்சியும். அந்தக் குச்சி போதுமா என்று ஆடித்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 14

நீர் டோட்டம் உயிரை எடுத்துவிட்டது. பேரன்ஸ் கடற்கரையில் ஒருத்தியைப் பார்த்தால் அவள் தெற்கே குளக்கரையில் இருக்கும் பிரைனிடம் அனுப்புகிறாள். பிரைன் தோல் பையைக் கொடுத்துத் தண்ணீர் பிடித்து வரச் சொல்கிறாள். அவள் வாசல் குளத்திலேயே ஒரு பை. இன்னொரு பைக்கு டேரன் மில் கிணறு. அதற்கு செப்பலினில் கடல் தாண்டி, அங்கிருந்து சில்வர்பைன் காட்டின் நெடுக்கில் நடந்து ஹில்ஸ்பிராடு போக வேண்டும். அடுத்த பைக்கு ஆஷன்வேல், மறுபடி இந்தக் கரை. எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டால், சடங்குக்குத் திரும்பவும் சில்வர்பைன்! அங்கே ஏரிக்கரையில் கெட்டுப்போன நீருருவத்தைக் கொன்றால்தான் நல்ல நீருருவம் வந்து டோட்டத்தைக் கொடுக்கும்.

நாற்பதாவது லெவல் வரை குதிரையோ ராப்டரோ கிடையாது. ஆனால் ஷாமனுக்கு இருபதிலேயே கோஸ்ட் வுல்ஃப் வருகிறது. மூன்று விநாடி நின்று முணுமுணுத்தால் கண்ணாடி போன்ற ஓநாயாகி, நடையை விட நாற்பது சதவீதம் வேகமாக ஓடலாம். அந்த ஓநாய்க்குப் பழகுவதற்கென்றே இந்த அலைச்சலை வைத்தார்களோ என்னவோ. சில்வர்பைனின் சாம்பல் நிற மரங்களுக்கு நடுவே ஓடும்போது, கையில் தண்ணீர்ப் பையோடு ஊர் ஊராக அலைவதும் ஷாமன் வேலைதான் என்று பட்டது. வாரியருக்கும் லெவல் ஏறுகிறது, எனக்கும் ஏறுகிறது. ஆனால் எந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 5

லெவல் 30. காற்று டோட்டத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு தௌசண்ட் நீடில்ஸ் போனேன். அங்கே ஒருவரிடம் பேசினேன், கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்! எழுதுகிறவருக்கு அன்று விடுமுறை போலும்.

இதே லெவலில் விண்ட்ஃபியூரி ஆயுத மந்திரமும் வந்தது. அடித்தால் ஐந்தில் ஒரு வாய்ப்பு, கூடவே இரண்டு அடி இலவசம். கையில் இருப்பது மெதுவாகச் சுழலும் இரு கைச் சம்மட்டி என்றால் மூன்றும் ஒரே நொடியில் இறங்கும்போது எதிரியின் உயிர்ப்பட்டை பாதிக்குக் கீழே போய்விடும். அதற்காகவே விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. குழுவோடு போனால்தான் வம்பு. அடி வாங்க முன்னால் நிற்கும் டேங்க் நாலு குத்து குத்துவதற்குள் விண்ட்ஃபியூரி வெடித்துவிட்டால் அந்த ராட்சதன் என் பக்கம் திரும்பிவிடுவான்.

நவம்பர் 17

லெவல் அறுபது ஆகிவிட்டது. சேர்ந்து ஆடும் கூட்டமான கில்டில் இடம் கேட்டேன். "ரெஸ்டோவா?", அதாவது ஹீல் போடுபவனா என்பது முதல் கேள்வி. அதுவே கடைசிக் கேள்வியும். நாற்பது பேர் ரெய்டில் ஷாமன் என்றால் ஹீலர். அடிக்கிற ஷாமனாக வர ஒரே வழி, நைட்ஃபால் என்ற கோடரியைச் செய்து வாங்கிக்கொண்டு வருவது. அந்தக் கோடரி பட்டால் எதிரிமேல் மேஜ்களின் மந்திரம் பதினைந்து சதவீதம் கூடுதலாக ஏறும். ஆக, அடிக்க வந்த ஷாமனையும் அடுத்தவன் அடி பெருகுவதற்காகத்தான் உள்ளே விடுகிறார்கள்.

சம்மட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு ரெஸ்டோவாக மாறினேன்.

டிசம்பர் 12

மோல்டன் கோர். ஜெர்மனியில் இரவு எட்டு மணி, எனக்குப் பன்னிரண்டரை. ஹெட்போனில் ஜெர்மானிய உச்சரிப்பில் ஆங்கிலம். பக்கத்து அறையில் அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்காமல் மெல்லப் பேச வேண்டும்.

இன்று மாக்மடார், இரண்டு தலை நாய். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஊளையிட்டு எல்லோரையும் பயமுறுத்தும். பயந்தவன் கட்டுப்பாடில்லாமல் நெருப்புக்குள் ஓடுவான். அலையன்ஸில் ட்வார்ஃப் ப்ரீஸ்ட்டுகள் அந்தப் பயம் அண்டாமல் முன்கூட்டியே காப்பு போட்டுவிடுவார்கள். நமக்கு ட்ரெமர் டோட்டம்தான். மண்ணில் ஊன்றினால் அது விட்டுவிட்டு அதிர்ந்து, பயந்தவனைத் தெளியவைக்கும். ஆனால் நான்கு பூதங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டோட்டம்தான் நடலாம். ட்ரெமரும் நிலம், பலம் கூட்டும் ஸ்ட்ரெங்த் ஆஃப் எர்த்தும் நிலம். இதை நட்டால் அது மறைந்துவிடும். "மாமா, ஸ்ட்ரெங்த் போச்சு" என்று உடனே குரல் வரும். கால் நெருப்பில் இருக்கும்போது கைக்குப் பலம் எதற்கடா!

பெரும்பாலான டோட்டங்களின் வீச்சு இருபது கெஜம்தான், அதுவும் என் குழுவின் ஐந்து பேருக்கு மட்டும். அதனால் முதலில் எங்கே நிற்பது என்பதைத்தான் பார்க்கிறேன். டேங்க் நாயை எந்தப் பக்கம் இழுப்பார், வெட்டுகிறவர்கள் எந்தக் காலடியில் நிற்பார்கள், அங்கிருந்து இருபது கெஜத்துக்குள் நெருப்பு படாத இடம் எது. நட்ட டோட்டம் பின்னால் நடந்து வராது. கூட்டம் நாலடி நகர்ந்தால் நான்கையும் மறுபடி நட வேண்டும், மந்திர சக்தியான மானா கரையும். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவனைப் போல யார் இலை காலி என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ராக்னரோஸிடம் எல்லோரும் செத்தோம். ஷாமன் செத்தால் ஆங்க் ஒன்று பையில் இருந்தால் தானே எழுந்துகொள்ளலாம், மணிக்கு ஒருமுறை. நாற்பது பிணங்கள் கிடக்க, ஒருவரும் பேசாமல் நான் எழுவதற்காகக் காத்திருந்தார்கள். எழுந்து முதலில் ஒரு ப்ரீஸ்ட்டை எழுப்பினேன். பிறகு ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோரையும். அடுத்த முறை தீத்தடுப்பு டோட்டம் நட்டேன். அது நெருப்பு டோட்டம் இல்லை, நீர் டோட்டம். குளிரைத் தடுப்பதுதான் நெருப்பு டோட்டம். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது.

2020 ஜனவரி 16

ஹீலர் கூட்டத்திலிருந்து என்னை எடுத்து வாரியர் குழுவில் போட்டிருக்கிறார்கள். இப்போது என் வேலை விண்ட்ஃபியூரி டோட்டம். நட்டால் குழுவில் இருப்பவர்களின் பிரதான ஆயுதத்தில் காற்று ஏறும், அடிக்கும்போது கூடுதலாக ஓர் அடி விழ வாய்ப்பு உண்டு. ஆயுதத்தில் ஏற்கெனவே கல் தேய்த்தோ எண்ணெய் பூசியோ இருந்தால் காற்று ஏறாது.

"மெயின் ஹேண்டுல கல் தேய்ச்சியா?"

"ஆமா மாமா, நல்ல கல்லு. விலை ஜாஸ்தி."

"துடைச்சுப் போடு. இடது கைக்கு மட்டும் தேய்."

இதற்கு மேலும் ஒரு வித்தை இருக்கிறது, ட்விஸ்ட் என்பார்கள். டோட்டம் போன பிறகும் ஆயுதத்தில் காற்று பத்து விநாடி தங்கும். அந்த இடைவெளியில் கிரேஸ் ஆஃப் ஏர் நட்டால் சுறுசுறுப்பும் கூடும். பத்து விநாடி முடிவதற்குள் மறுபடி விண்ட்ஃபியூரி. உடனே மறுபடி கிரேஸ். சண்டை முழுக்க இப்படி மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். சென்னைக்கும் அந்தச் சர்வருக்கும் நடுவே உள்ள தாமதத்தையும் சேர்த்து ஒன்பதாவது விநாடியிலேயே அழுத்திவிடுகிறேன். மானா தண்ணீராகப் போகிறது. பாஸ் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்ப்பதெல்லாம் என் காலடி மண்ணும் ஒரு கடிகார வட்டமும்தான்.

சண்டை முடிந்ததும் டேமேஜ் மீட்டரைப் போடுகிறார்கள். அக்கா மகன் முதலிடம். காற்று கொடுத்த கூடுதல் அடியெல்லாம் அவன் பெயரில்தான் ஏறும். என் பெயரைத் தேடிக் கீழே போனால் டேங்குக்கும் கீழே இருக்கிறது. ஹீலிங் பட்டியலிலும் கடைசி, ஊன்றவே நேரம் சரியாக இருக்கும்போது ஹீல் எப்படிப் போடுவது? ஆபீஸில் தணிக்கை பார்க்கிறவன் நான். செலவு ஒரு கணக்கிலும் வரவு இன்னொரு கணக்கிலும் எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

பிப்ரவரி 27

பிளாக்விங் லேர் இந்த மாதம்தான் திறந்தது. கடைசி பாஸ் நெஃபாரியன் ஒவ்வொரு கிளாஸாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாங்குகிறான். வேட்டைக்காரர்களின் வில் உடைகிறது, ட்ரூயிடுகள் பூனையாகிறார்கள், ப்ரீஸ்ட்டின் ஹீல் ஆளைத் தின்கிறது. ஷாமன்களைக் கூப்பிட்டால் எங்கள் கை தானாகவே டோட்டம் நடுகிறது. அவை கெட்டுப்போன டோட்டங்கள், அவனுக்குக் கல் தோலும் காயம் ஆற்றுவதும் காற்றின் வேகமும் கொடுக்கின்றன.

"டோட்டம்! டோட்டத்த உடைங்க!" என்று ஹெட்போனில் கத்தல். முப்பது பேர் ஓடிவந்து என் காலடியில் வெட்டுகிறார்கள். இத்தனை மாதமாக நட்டும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காத குச்சி, எதிரிக்கு வேலை செய்த அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

ஒரு நையாண்டி ஆளைத் தவிர வேறு யாருக்கும் இதைக் கண்டுபிடிக்கத் தோன்றியிருக்காது. அந்த வடிவமைப்பாளரைப் பார்த்தால் ஒரு காபி வாங்கிக் கொடுப்பேன்.

மார்ச் 5

போன வாரம் ரோக்குகள் ரெய்டு லீடரிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். வாரியர்கள் மேலே இருப்பதற்குக் காரணம் திறமை அல்ல, அந்த ட்ரோல் கிழவி என்று. லீடர் சண்டைப் பதிவைத் திறந்து, கூடுதல் அடிகளை மட்டும் தனியாக வடிகட்டி எண்ணிப் பார்த்தாராம். இன்று என்னை ரோக் குழுவுக்கு மாற்றிவிட்டார்.

ரெய்டு தொடங்குவதற்கு முன்பே அக்கா மகன் போன் செய்துவிட்டான். "மாமா, நீங்க வேணாம்னு சொல்லலாம்ல? நம்ம குடும்பம் மாமா." பக்கத்தில் இருந்த அம்மா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, பேரனுக்குச் செய்யாமல் யாருக்கடா செய்யப் போகிறாய் என்று ஆரம்பித்துவிட்டாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் அவன் கட்சி.

ரோக் குழுவில் நட்டேன். டேமேஜ் மீட்டரில் முதல் இரண்டு இடமும் ரோக். அக்கா மகன் ஐந்தாவது. இரவு முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. காலையில் ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது: வாரியர் குழுவுக்கு இன்னொரு ஷாமன் தேவை, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, ட்விஸ்ட் பண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.