எலும்பு கேட்கும் பல்

பல் ஒன்று விழுந்தால், போனது பல் மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். அஃது அவ்வாறன்று. பல்லைத் தாங்கி நின்ற எலும்பும் வேலையிழந்து, காலப்போக்கிற் கரைகின்றது. மேல்தாடையின் கடைவாய்ப் புறத்திலோ எலும்பு இயல்பாகவே மென்மையானது. அதற்கு மேலே மூக்கோடு தொடர்புடைய காற்றறை ஒன்றும் உண்டு. பல் போனபின் அவ்வறையும் கீழ்நோக்கி விரிய, எலும்பு இருபுறமும் குறைகின்றது.

சுவீடன் நாட்டு அறிஞர் பிரேனமார்க், முயலின் எலும்பிற் பொருத்திய டைட்டேனியம் அதனோடு ஒன்றிப் பிணைவதை 1952 இல் கண்டார். 1965 இல் நோயாளி ஒருவரின் தாடையில் அவ்வுலோகத்தாலான வேர்களைப் பொருத்தினார். ‘இம்பிளாண்ட்’ என்று இன்று வழங்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததே. ஆயினும் வேரூன்ற மண் வேண்டும். வயலோடு வாழும் சவளக்கடை மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

எங்கள் ஊரிலுள்ள என் சாச்சி, சில ஆண்டுகளுக்கு முன் மேற்கடைவாயில் அத்தகைய வேரொன்றைப் பொருத்திக்கொண்டார். சில மாதங்களில் அது அசையத் தொடங்கியது. ஒருபக்க மூக்கில் மட்டும் துர்நாற்றமுள்ள சளி வடிந்தது. பீனிசம் என்று கருதி ஆவி பிடித்தார், தீரவில்லை. பின்னர் பார்த்த நிபுணர், படமெடுத்து உண்மையைக் கூறினார். எலும்பு போதாமையால் வேர் பற்றவில்லை. கிருமி காற்றறைவரை சென்றுவிட்டது. வேரை அகற்றி, நோயைத் தணித்து, காற்றறையின் அடிச்சவ்வை உயர்த்தி எலும்பு நிரப்பவேண்டும்; பல மாதங்கள் காத்திருந்த பின்னரே புதிய வேர்.

“வைக்கிற எலும்பு எந்த மிருகத்துட?” என்று சாச்சி கேட்டார்.

வைத்தியர் நகைக்கவில்லை. மாட்டெலும்புத் துகளும் உண்டு, பன்றியினதும் உண்டு, செயற்கைப் பொருளும் உண்டு. நோயாளியின் தாடையிலிருந்தே எடுப்பதும் உண்டு, ஆனால் அதற்கு இன்னொரு காயத்தைத் தாங்கவேண்டும் என்று விளக்கினார்.

“எண்ட எலும்பே காணும், மகன்,” என்றார் சாச்சி.

ஏறத்தாழ ஓராண்டு அவர் ஒருபக்கமாகவே மென்றார். இரண்டாவது வேர் நிலைத்தது.

கேள்வி கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. எலும்பின் உயரம் எவ்வளவு, நிரப்பும் பொருள் யாது, எத்தனை மாதம் பொறுக்கவேண்டும் என்பவற்றை முன்னரே கேட்டறிக. நீரிழிவும் புகைப்பழக்கமும் இருப்பின் மறையாது உரைத்திடுக. பொருத்திய பல் அசைந்தாலோ, ஒருபக்க மூக்கில் நாற்றம் தோன்றினாலோ, நாள் கடத்தாது வைத்தியரை நாடுக. பொறுமை நன்றே, நோயை மறைத்திருப்பது பொறுமையாகாது.