எண்ணுக்கும் இஸ்னாத் உண்டு

இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாக மொழிந்தோரின் பெயர்களையெல்லாம் எழுதித் தருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களைப் பணித்தார்கள். தோழர்களும் எழுதினார்கள். எண்ணிக்கை 1,500 என வந்தது. ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் பதிந்துள்ளார்கள்.

அவ்விடத்திலேயே இன்னொரு செய்தியும் உண்டு. அஃமஷ் (ரஹ்) அவர்களிடமிருந்து ஸுஃப்யான் அறிவித்த எண் 1,500. அபூஹம்ஸா அறிவித்தது 500. அபூமுஆவியா அறிவித்தது 600க்கும் 700க்கும் இடைப்பட்டது. மூன்றையும் அறிவித்தவர் பெயரோடு இமாமவர்கள் எழுதி வைத்தார்கள். பின்வந்த விரிவுரையாளர்கள், எண்ணப்பட்டோர் யார், பெண்டிரும் சிறுவரும் அதில் அடங்குவரா, போர் வீரர் மட்டும்தானா என்று நுணுகி ஆராய்ந்தார்கள். ஓர் எண்ணைக் கேட்டால், சொன்னவர் யார், யாரை எண்ணினார் என்று கேட்பது நம் முன்னோர் வகுத்த வழி.

இவ்வழி இன்று நமக்கு மிகத் தேவைப்படுகிறது. சமயத்தையும் சமுதாயத்தையும் பற்றிய புள்ளிவிவரங்கள் ஒரு காலத்தில் பல்கலைக்கழக நூலகங்களின் பூட்டிய அலமாரிகளில் இருந்தன. இன்று அவை இணையத்தில் காசின்றிக் கிடைக்கின்றன. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சமயவாரி அட்டவணைகள், தேசியக் குடும்பநல ஆய்வின் அறிக்கைகள், 1981 முதல் பல நாடுகளில் நடந்துவரும் உலக விழுமிய ஆய்வு, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் வெளியீடுகள் ஆகியவற்றை எவரும் திறந்து பார்க்கலாம். இந்தியச் சமயங்களைப் பற்றி பியூ மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 29,999 பேரிடம், 17 மொழிகளில், நேரில் கேள்விகள் கேட்கப்பட்டன. அதன் முடிவுகளோடு கேள்விகளின் வாசகங்களையும் படிக்கலாம்.

சமூகவியல் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர், ‘ஆர்டா’ எனச் சுருக்கமாக வழங்கும் சமயத் தரவுக் காப்பகத்தை எனக்குக் கணினியில் காட்டினார். 1997இல் அமெரிக்காவில் தொடங்கி, 1998 முதல் இணையத்தில் இயங்கிவரும் காப்பகம் அது. அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எவரிடமும் சமயத்தைக் கேட்பதில்லை. கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது என 1976ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் தனித்தனியே திரட்டியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று தேடினோம். 2017ஆம் ஆண்டுக்கு பியூ மையம் தந்த மதிப்பீடு 34.5 இலட்சம். 2020ஆம் ஆண்டுச் சமயக் கணக்கெடுப்பு தந்தது ஏறத்தாழ 44.5 இலட்சம். மூன்றாண்டில் பத்து இலட்சம் பேர் பெருகிவிட்டனர் என்று கொள்ளலாகாது. முன்னது மக்களிடம் கேட்ட விடைகளையும் அரசுப் புள்ளிவிவரங்களையும் கொண்டு கணித்தது. பின்னது பள்ளிவாசல்கள் வழியாக, அவற்றோடு தொடர்புடையோரை மதிப்பிட்டது. புகாரியின் பக்கத்தில் கண்ட அதே பாடத்தைக் கணினித் திரையிலும் கண்டேன்.

நம் நாட்டுக்கு வருவோம். “முஸ்லிம்கள் பல்கிப் பெருகி நாட்டையே நிறைத்துவிடுவர்” என்னும் அச்சுறுத்தல் கைபேசிச் செய்திகளில் நாள்தோறும் உலவுகிறது. அதைக் கண்டு வெகுண்டு பேசுவோர் பலர்; கணக்கை எடுத்துக் காட்டுவோர் சிலர். 1991–2001இல் 29.5 சதவீதமாக இருந்த முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி, 2001–2011இல் 24.6 ஆகக் குறைந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரி எத்தனை மகப்பேறு என்னும் கணக்கில், 1992–93இல் முஸ்லிம்களுக்கு 4.4, இந்துக்களுக்கு 3.3. 2019–21இல் அவை முறையே 2.36, 1.94. இரு சாராரிடமும் எண் இறங்கியிருக்கிறது; இடைவெளியும் சுருங்கியிருக்கிறது. இவை நம் எதிர்ப்பாளரும் மறுக்கவியலாத அரசுக் கணக்குகள்.

ஆனால் நியாயம் இருபுறமும் ஒன்றே. நம் மேடைகளிலும் நம் தொகையை விருப்பம்போல் ஏற்றிச் சொல்வோர் உளர். தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 2011 கணக்குப்படி 42,29,479 பேர்; அஃதாவது 5.86 சதவீதம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால், அதற்குப் பிந்திய எண் எதுவாயினும் மதிப்பீடே. தீயவன் கொணரும் செய்தியை ஆராயுமாறு இறைமறை ஹுஜுராத் அத்தியாயத்தில் பணிக்கிறது. நமக்கு உவப்பான செய்தி என்பதற்காக அப்பணியிலிருந்து விலக்கு ஏது?

மத்ரஸாவில் ஓதி, மத்ரஸாவிலேயே ஓதிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லாமல் மத்ரஸாவிலேயே அடைந்து கிடக்கின்றனர் என்பது நெடுநாள் பழி. 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை அதை ஆராய்ந்து, பள்ளி வயதுப் பிள்ளைகளுள் மத்ரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 சதவீதமே எனக் காட்டிற்று. அரசுப் பள்ளிக்கும் போய், காலையிலோ மாலையிலோ பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுவோரை அக்குழு மக்தப் மாணவர் என்று பிரித்தே எண்ணியது. நம் ஊர்களிலோ இந்த ஓதலையும் ‘மத்ரஸா’ என்றே சொல்கிறோம். “உங்கள் பிள்ளை மத்ரஸாவுக்குப் போகிறதா?” என்று கேட்டால் நம் தாய்மார் பெருமையோடு “ஆம்” என்பர். அந்த ஒரு சொல்லை விளங்காதவர் எண்ணினால், மூன்று எண்பதாகிவிடாதா? ஹதீஸில் இஸ்னாதை ஆராய்ந்தபின் மத்னையும் ஆராய்வது இதனால்தான்.

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், இக்கலையில் தேர்ச்சி பெற வேண்டும். நம் ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் மரணப் பதிவேடும்கூடப் புள்ளிவிவரங்களே. அவற்றைக் கரையானுக்கு இரையாக்காமல் காப்பது நிர்வாகிகளின் கடமை. நம்மைப் பற்றிப் பிறர் எண்ணிச் சொல்வதைக் கேட்டுக் கலங்கியும் களித்தும் காலம் கழித்தது போதும். எண்ணவும், எண்ணியதை ஆராயவும் கற்போமாக. உண்மையை உண்மையாகவே காட்டித்தர வல்ல நாயன் அருள்புரிவானாக!