மடியில் இருக்க வேண்டியவை

“மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்” என்பது நம் பெரியவர்களின் பழமொழி. என் அனுபவமோ வேறு. மடியில் ஒன்றுமில்லாமல் வழியில் சென்ற ஒரு நாளில்தான் நான் என் உயிருக்கே அஞ்ச வேண்டியதாயிற்று.

நான் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்தவன். வானூர் வட்டாரத்து ஊர்களில் தவணைக்குத் துணி விற்பது என் தொழில். காலையில் வண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால் கிளியனூர், திருவக்கரை என்று சுற்றிவிட்டு அஸருக்குத்தான் வீடு திரும்புவேன். பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்னி நட்சத்திர வெயிலில், திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளுக்குச் செல்லும் சாலையில் வந்துகொண்டிருந்தேன். காலையில் ஊசி போட்டிருந்தும் வசூல் அவசரத்தில் அரை வயிற்றோடு கிளம்பிவிட்டிருந்தேன். திடீரென்று கை நடுங்கிற்று, உடம்பெல்லாம் வியர்த்தது. வண்டியை நிறுத்திவிட்டு முப்பது அடி தள்ளியிருந்த புளியமரத்தடியில் போய் அமர்ந்தேன். குளுக்கோஸ் பொட்டலம் வண்டியின் முன்கொக்கியில் மாட்டியிருந்த பையில் இருந்தது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் எழுந்து சென்று எடுக்கக் கால் வரவில்லை. ‘அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள்’ என்று சொல்ல நாவும் எழவில்லை.

அவ்வழியே வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். “பாய் குடிச்சிருக்காரு போல” என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவனுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், கண் செருகும். பார்ப்பவர்களுக்கு அது போதையாகவே தோன்றும். நல்ல வேளையாக, கல் சுமக்கும் ஓர் அம்மா அருகில் வந்து பார்த்தார். அவருடைய அண்ணனுக்கும் இதே நோயாம். தம் தூக்குவாளியில் இருந்த இனிப்புத் தேநீரை, எனக்கு விழுங்கும் நினைவு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். அல்ஹம்துலில்லாஹ், கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.

அன்று இரவு படுக்கையில் கிடந்தபோது அத்தாவின் பச்சை பெல்ட்டு நினைவுக்கு வந்தது.

நான்கு விரல் அகலத்தில், கைலிக்கு மேல் இறுக்கிக் கட்டும் அந்தப் பச்சை பெல்ட்டை அறியாத முஸ்லிம் வீடு ஒரு காலத்தில் தமிழகத்தில் உண்டா? அத்தாவின் பெல்ட்டில் மூன்று பைகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று மூடிக்கொள்ளும். அவர் சிங்கப்பூரிலிருந்து ஊர் வரும்போதெல்லாம் அங்குள்ள நண்பர்கள் தத்தம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பணமும் கடிதங்களும் அந்தப் பைகளில் இருக்கும். கப்பலிலும் இரயிலிலும் தூங்கும்போதுகூட அவர் அதைக் கழற்றியதில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் அந்த வீடுகளுக்குச் சென்று அமானிதங்களை ஒப்படைப்பார். பிறகுதான் எங்கள் வீட்டு வாசலில் நின்று பெல்ட்டைத் தளர்த்துவார். பெட்டி தொலைந்தால் துணிதான் போகும், மடி தொலைந்தால் நாணயம் போய்விடும் என்பார்.

இந்த வழக்கம் மிகப் பழமையானது. பணத்தை வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையை அரபியில் ‘ஹிம்யான்’ என்பார்கள். தைத்த ஆடை கூடாத இஹ்ராம் நிலையிலும்கூட ஹிம்யானைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், தாபிஈன்களில் ஒருவரான அதா (ரஹ்) அவர்களும் அனுமதித்திருக்கிறார்கள். இன்று ஹாஜிகள் கட்டிச் செல்லும் வெள்ளை பெல்ட்டு அதன் வழிவந்ததே. 1991-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தார்கள். அவனிடமும் இடுப்பு வாரில் தைத்த ஒரு தோல் பை இருந்தது. அதற்குள் இருந்தவை சிக்கிமுக்கிக் கல்லாலான சிறு கருவிகள், ஓர் எலும்பு ஊசி, தீ மூட்ட உதவும் உலர்ந்த காளான். பனிமலையில் தீ இல்லையேல் உயிர் இல்லை. எதைப் பிரிந்தால் தான் வாழ முடியாதோ அதை அவன் உடம்போடு கட்டிக்கொண்டிருக்கிறான்.

மறுநாளே இடுப்புப் பை வாங்கப் புறப்பட்டேன். ஆரோவில் பக்கம் இரு சக்கர வண்டிகளில் செல்லும் வெளிநாட்டினர் பலர் அத்தகைய பையைக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தெருவோரக் கடையில் மலிவாக ஒன்று கிடைத்தது. மூன்றே மாதத்தில் அதன் கதை முடிந்தது. நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் குவாரித் தூளும் ஏறி ஜிப்பு பாதி வழியில் நின்றுகொண்டது. பிறகு கொக்கி உடைந்து, பை ஓடும் வண்டியிலிருந்து சாலையில் விழுந்தது.

இரண்டாவது பை வாங்கக் கிளம்பியபோது என் மனைவி தடுத்தார். “பையைத் தேடுறதுக்கு முன்னாடி உள்ளே என்ன வைக்கப் போறீங்கன்னு சொல்லுங்க” என்றார். வைக்க நினைத்ததையெல்லாம் பாயில் பரப்பினேன். பழைய சாவிகள், முகவரி அட்டைகள், இரண்டு பேனா, பாக்குப் பொட்டலம், என்றோ வாங்கிய ரசீதுகள். அவர் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கடைசியில் எஞ்சியவை ஆறு. குளுக்கோஸ், ஒரு சிறு பிஸ்கட் பொட்டலம், சர்க்கரை பார்க்கும் கருவி, கைப்பேசி, வசூல் பணம், ஓர் அட்டை. அந்த அட்டையில் என் மகன் கொட்டை எழுத்தில் எழுதினான்: ‘எனக்கு நீரிழிவு நோய். நான் தடுமாறினால் இனிப்புக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.’

இன்சுலினையும் அதில் வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு மருத்துவர் கூடாதென்று விட்டார். உபயோகத்தில் உள்ள இன்சுலின் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். ஆனால் 30 பாகைக்கு மேல் போகக் கூடாது. கோடையில் 40 பாகையைத் தொடும் நம் வெயிலில், உடம்புச் சூட்டோடு ஒட்டியிருக்கும் பையில் அது வீரியம் இழந்துவிடும். அது வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பொருள் முடிவானதும் பையைத் தேர்வது எளிதாயிற்று. ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தே வாங்கினேன். துணி தடித்த நைலான். இழையின் பருமனை ‘டெனியர்’ என்று அளக்கிறார்கள். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடையோ அதுவே அதன் டெனியர். 500 முதல் 1,000 வரை இருந்தால் உரசலைத் தாங்கும். ஆனால் துணியைவிடத் தையலே முக்கியம் என்பதைத் துணி வியாபாரியான நான் சொல்லலாம். வாரும் பையும் சேருமிடத்தில் கட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போல் குறுக்கே தைத்திருக்க வேண்டும். நூல் நைலானாக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். வார் ஒன்றரை அங்குல அகலமாவது இருந்தால்தான் இடுப்பை அறுக்காது. ஜிப்பின் பற்கள் பெரியவையாகவும், அதன்மேல் புழுதியைத் தடுக்கும் மடிப்பும் இருப்பது நல்லது. கொக்கியைக் கடையிலேயே பத்து முறை பூட்டித் திறந்து, வாரைப் பலமாக இழுத்தும் பார்த்துவிட வேண்டும்.

‘வெல்க்ரோ’ என்னும் ஒட்டுநாடா வைத்த பையை வேண்டாமென்றேன். 1941-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒருவர், தம் நாயின் உரோமத்தில் ஒட்டிய முள்விதைகளைப் பார்த்து அதற்கான யோசனையைப் பெற்றார் என்பார்கள். நம் வேலியோரத்து நாயுருவி கைலியில் ஒட்டுவதைப் போன்றதுதான். ஆனால் புழுதி ஏறினால் அது பிடிப்பதில்லை. மேலும் ஜும்ஆப் பிரசங்கத்தின் நடுவே அதைப் பிரித்தால் எழும் ‘சர்ர்’ என்ற ஓசைக்குப் பள்ளி முழுவதும் திரும்பிப் பார்க்கும்!

தொழுகையிலும் பையைக் கழற்றுவதில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தால் ருகூவில் கைப்பேசி நழுவி விழும். இடுப்புப் பையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் ஸுஜூதுக்கும் இடையூறு இல்லை. ஹவ்ளின் கரையில் கழற்றி வைத்துவிட்டு உளூச் செய்யும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். கழற்றி வைக்கலாம் என்றால், பிறகு இடுப்பில் கட்டுவதற்கு என்ன பொருள்?

ரமளான் பிறந்தபோது, “நோன்பில் குளுக்கோஸ் எதற்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். நோன்பில்தான் அது மிகவும் தேவை. இன்சுலின் போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு நோற்கவே கூடாது. நோற்றிருக்கும்போது சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள இறைவனே தன் திருமறையில் சலுகை தந்திருக்கிறான். இஃப்தாருக்கு இன்னும் அரை மணி நேரம்தானே என்று உயிரைப் பணயம் வைப்பது பக்தி ஆகாது. அப்படி இறங்கும்போது ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி சாப்பிட்டுவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே வேலை செய்யும்.

இந்தப் பையைக் கட்டத் தொடங்கிய பின் இரண்டு முறை கை நடுங்கியது. இரண்டு முறையும் உட்கார்ந்த இடத்திலேயே என் கை குளுக்கோஸைத் தொட்டுவிட்டது. குவாரிச் சாலையில் போகும்போது அந்த அம்மாவைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவேன். “சர்க்கரை வச்சிருக்கியா பாய்?” என்று அவர் கேட்காமல் விடுவதில்லை. பையைத் தட்டிக் காட்டுவேன்.

அத்தா தம் மடியில் பிறருடைய அமானிதத்தைக் கட்டிக்கொண்டு நடந்தார். என் மடியில் இருப்பது என் உயிர்; அதுவும் அல்லாஹ் என்னிடம் தந்த அமானிதம்தான். உங்கள் வீட்டிலும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் இருக்கக்கூடும். இன்று அவர் வெளியே கிளம்பும் முன், குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள். வண்டியில் இருக்கிறது என்று அவர் சொன்னால், எடுத்து அவருடைய இடுப்பில் கட்டி அனுப்புங்கள்.