குறிலா, நெடிலா? ஒரு பாய்ச்சலின் கணக்கு

சாதாரண தரம் முடிய எங்களைக் கலை, கணிதம் எண்டு பிரிச்சு விடினம். அதோட இயந்திரங்களைப் பற்றி யோசிக்கிற உரிமையும் ஒரு பக்கத்துக்குப் போயிடுது. மொழியியல் படிக்கிற நீ ஏன் கொம்பைலர் பற்றி வாசிக்கிறாய் எண்டு கம்பஸில கேக்கினம். அங்கயும் மாத்திரைக் கணக்குத்தான் நடக்குது எண்டதுதான் என்ர பதில்.

ஆர்டுயினோ ஊனோவில இருக்கிற ஏடிமெகா328பி சிப்பை எடுப்பம். நிரலுக்கு 32 கிலோபைட் இடம்தான். சி மொழியில எழுதுறதை அதன் கட்டளைகளாக ஜி.சி.சி கொம்பைலர் மாற்றும். அநேக கட்டளைகள் 2 பைட், சில 4 பைட்.

சிக்கல் 'அங்க பாய்' எண்ட கட்டளையில. குறில் மாதிரி 2 பைட் வடிவம் ஒண்டு; முன்னுக்கும் பின்னுக்கும் ஏறத்தாழ 4 கிலோபைட்தான் எட்டும். நெடில் மாதிரி 4 பைட் வடிவம் முழு நினைவகத்துக்கும் எட்டும். எதைப் போடுறது? தூரம் தெரியவேணும். தூரம் எண்டது இடையில உள்ள கட்டளைகளின் நீளங்களைக் கூட்டினது. அவற்றுக்குள்ளயும் நீளம் முடிவாகாத பாய்ச்சல்கள் இருக்கும்.

'ஐ'க்குத் தனிய நிண்டா 2 மாத்திரை. 'ஐந்து' எண்டதில ஒன்றரை, 'மலை' எண்டதில ஒண்டு. ஐகாரக்குறுக்கம். இடம்தான் நீளத்தைத் தீர்மானிக்குது. ஆனா 'ஐ' குறுகினதால பக்கத்து எழுத்தின் அளவு மாறாது. இங்க ஒரு பாய்ச்சல் நீண்டா, அதைத் தாண்டிப் போற மற்றதுகளின் தூரமும் கூடும்.

இதுக்கு ஒரு வழி, எல்லாத்தையும் குறில் எண்டு தொடங்கிறது. எட்டாததை மட்டும் நெடிலாக்கி, திரும்ப அளக்கவேணும். ஒருக்கா நீண்டது பிறகு குறுகக்கூடாது. பாய்ச்சல்களின் எண்ணிக்கைக்கு எல்லை இருக்கிறதால, மாற்றம் எங்கயோ நிண்டுதான் ஆகும்.

இதில எனக்குப் பிடிச்சது வேறொண்டு. ஜி.சி.சி பைட்டுகளை எழுதுறேல்ல. அசெம்பிளி வரிகளைத்தான் எழுதும், பைட்டாக்கிறது அசெம்பிளர். அதால கண்ணால பாக்காத நீளத்தை அது கணக்குப் பண்ணவேணும். நாங்களே இடையில அசெம்பிளி எழுதிச் செருகினா, வரிகளை எண்ணி, ஒவ்வொண்டும் ஆகக்கூடிய நீளம் எண்டே எடுக்கும். கணக்குக் கூடினா கொஞ்சம் இடம்தான் வீண். குறைஞ்சா பாய்ச்சல் எட்டாது, நிரலே உருவாகாமப் போகலாம்.

ஜி.சி.சியின் மூலநிரலை ஆரும் வாசிக்கலாம். அதன் ஏ.வி.ஆர் பகுதியில ஒவ்வொரு கட்டளைக்கும் நீளம் எழுதியிருக்கு. இலக்கணம் படிச்ச கண்ணோட ஒருக்காத் திறந்து பாருங்கோ.