ஓர்கோவும் தாயமும்

ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதன், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குமேல், வேலை நிமித்தம் தன் வீட்டில் தங்கியிருக்கும் தமக்கை மகனும் அவன் நண்பர்கள் மூவரும் சூழ்ந்திருக்கும் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் அமர்ந்து, இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, தான் ஒரு மந்திரவாதி என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருப்பானானால், அவனைக் குறித்து அயலார் என்ன நினைப்பார்கள் என்பதை நான் அறியாதவன் அல்லன். அயலார் கிடக்கட்டும், என் சகதர்மிணியே அடுக்களை வாசலில் நின்று இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டாள். அந்த மௌனத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த ஆட்டம், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்னும் இருவரின் சிருஷ்டியாக 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொம்மைச் சேனைகளை மேஜைமேல் அணிவகுத்து யுத்தம் நடத்தும் பழைய ஆட்டங்களே அதன் பூர்வீகம். கட்டமும் காயும் இல்லாமலேயே இதை ஆடலாம். டஞ்சன் மாஸ்டர் என்று அழைக்கப்படுபவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இந்தக் குகையில் நான் நுழைகிறேன், அந்தக் கதவைத் தட்டுகிறேன் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்று ஐயம் வரும் இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். பாத்திரத்தின் லட்சணங்கள் ஆறு. அவற்றை என் சௌகரியத்துக்காகப் பலம், லாகவம், தேகதிடம், புத்தி, விவேகம், வசீகரம் என்று தமிழாக்கிக்கொண்டேன். ஆறு முகப் பகடைகள் நான்கை உருட்டி, மிகக் குறைந்ததை ஒதுக்கி, மற்ற மூன்றையும் கூட்டினால் 3 முதல் 18 வரையில் ஓர் எண் கிடைக்கும். அதுவே ஒரு லட்சணத்தின் அளவு. புத்தியையும் விவேகத்தையும் தனித்தனியே பிரித்து வைத்த அந்தச் சிருஷ்டிகர்த்தாக்களிடம் எனக்கு அப்போதே மரியாதை பிறந்தது. புத்தி 18-ம் விவேகம் 6-ம் உடைய மனிதர்களோடுதானே நான் முப்பது வருஷமாக உத்தியோகம் பார்த்து வருகிறேன்.

"மாமா, ஓர் ஆள் குறையுது. நீங்க வந்து உட்காருங்களேன்" என்று டஞ்சன் மாஸ்டரான மருமகன் அழைத்தபோது, "யாராக வேண்டுமானாலும் இருக்கலாமா?" என்று கேட்டேன். இருக்கலாம் என்றான். "அப்படியானால் நான் ஹீ-மேன்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பரிகசிக்கும் யோக்கியதை அவர்களுக்கு இல்லை என்பது சீக்கிரமே வெளியாயிற்று. அவர்களில் ஒருவன் கேரக்டர் ஷீட் என்னும் தன் பாத்திரக் குறிப்பில் எழுதி வைத்திருந்த கிழ மந்திரவாதி, சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானின் சித்தப்பாவே தவிர வேறு யாரும் அல்லர். உலர்ந்த மீனை நீட்டி மந்திரம் ஜபிக்கும் அந்தப் புராதனக் கடைக்காரர் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தவர்போல் இருந்தார். ஏனெனில் இதன் விதிகளிலும் மந்திரத்துக்குத் திரவியம் வேண்டும், அக்கினிக் கோளத்தை ஏவுவதற்கு வௌவால் எச்சமும் கந்தகமும் கையில் இருக்கவேண்டும். அந்தப் பிள்ளை தன் பால்யத்தைக் கூட்டி வந்திருந்தான். என்னுடையதை நான் கூட்டி வருவதில் என்ன குற்றம்?

என் பால்யத்தின் ஹீ-மேனோ, தூர்தர்ஷன் வழியாக, பக்கத்து வீட்டுக் கூடத்துக் கறுப்பு-வெள்ளைப் பெட்டியில் எழுந்தருளியவன். அதில் பேசப்பட்ட மொழி எனக்கு அக்காலத்தில் பாதிகூட விளங்கியதில்லை. சோம்பேறி ராஜகுமாரன் ஆடம் வாளை உயர்த்தியவுடன் மகாபலசாலியாக மாறுகிறான் என்பதும், அந்த மாற்றத்தை மூன்று நான்கு பேரைத் தவிர உலகில் ஒருவரும் அறியார் என்பதும் மட்டும் தெரியும். பிற்காலத்தில் வர்ணத்தில் பார்த்தபோதுதான், இருவருக்கும் உடையைத் தவிர உள்ள பேதம் சற்றே கறுத்த மேனி ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன்; எங்கள் பெட்டியில் அந்தப் பேதமும் தெரியாது. பெற்ற தகப்பனாகிய ராஜாவே சட்டையைக் கழற்றிய மகனை அடையாளம் காணவில்லை என்றால், அவருடைய விவேகத்துக்கு எத்தனை எண் போடுவது என்று மருமகன் கேட்டான். நான் பேச்சை மாற்றினேன்.

ஹீ-மேனை ஆட்டத்துக்குள் கொண்டுவர நாங்கள் பட்ட பிரயாசை சாமானியமானதல்ல. இவர்கள் ஆடுவது 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை. அதில் சாகசக்காரன் ஒருவன் தன் சொந்த முயற்சியால் அடையக்கூடிய பலம் பொதுவாக 20-க்கு மேல் போகாது. மலையைப் புரட்டுகிறவனுக்கு அது போதுமா? மருமகன் யோசித்து ஒரு வழி சொன்னான்: பலம் அவனுடையது அல்ல, வாளுடையது, புயல் ராட்சசனின் அரைக்கச்சை என்று ஒரு மாயப் பொருள் இருக்கிறது, அதை அணிந்தவனுக்குப் பலம் 29 ஆகிவிடும், கச்சைக்குப் பதில் வாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். கணக்கு சரியாயிற்று, ஆனால் ஹீ-மேன் வரவில்லை. ஒவ்வொரு எண்ணாக எழுத எழுத, ஷீட்டில் ஒரு பாரம் தூக்கும் யந்திரம் உருவாகி வந்ததே ஒழிய, நான் அறிந்த முகம் எங்கும் தென்படவில்லை.

அன்றிரவு படுத்தபடி யோசித்ததில் ஒரு விஷயம் புலப்பட்டது. ஹீ-மேனிடம் நான் பிரியம் வைத்தது அவன் செய்தவற்றுக்காக அல்ல. அவன் செய்யாத ஒன்றுக்காக. கையில் அத்தனை பெரிய வாள் இருந்தும் அவன் அதைக்கொண்டு உயிருள்ள எதையும் வெட்டினதில்லை. தன்மேல் பாயும் கிரணங்களைத் தடுப்பான், பாறையைப் பிளப்பான், பகைவனைத் தூக்கிச் சேற்றில் எறிவான். குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு அக்காலத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் விதித்திருந்த நிபந்தனைதான் இதற்குக் காரணம். ஆனால் நிபந்தனையாக வந்தது ஸ்வபாவமாக நிலைத்துவிட்டது. இந்த ஆட்டத்திலும் அதற்கு ஒரு சிறு வாசல் உண்டு; எதிரியின் உயிர்க்கணக்கு பூஜ்யத்துக்கு இறங்கும் தருணத்தில், அருகில் நின்று அடித்தவன் விரும்பினால் கொல்லாமல் மூர்ச்சையாக்கி விடலாம். அந்த ஒரு வாசல் வழியாக மட்டும் போவேன் என்று சங்கற்பம் செய்துகொண்டவன் ஹீ-மேன். ஷீட்டில் அந்தச் சங்கற்பத்தை எழுத வேண்டுமே தவிர, 29 என்று எழுதிப் பயன் இல்லை.

நிபந்தனையும் சிக்கனமும் சேர்ந்துதான் இந்த உலகம் முழுவதையும் படைத்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டபோது என் வியப்பு அதிகமாயிற்று. ஹீ-மேன் முதலில் பொம்மை. மாட்டெல் கம்பெனி 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவனுக்கு வாகனம் வேண்டும் என்று வந்தபோது, புதிய அச்சு வார்க்கும் செலவை மிச்சம் பிடிக்க, பிக் ஜிம் என்ற வேறொரு பொம்மை வரிசைக்காகச் செய்து வைத்திருந்த புலியையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புலியோ இவனுக்குப் பொருந்தாத பெரிய ஆகிருதி. பெரிதாக இருந்தால் என்ன, ஏறிக்கொள்ளட்டும் என்று பச்சை வர்ணம் பூசிச் சேணம் கட்டினார்கள். பேட்டில் கேட் பிறந்துவிட்டது. மறு ஆண்டில் ஃபில்மேஷன் நிறுவனம் இவர்களை வைத்துச் சித்திரத் தொடர் எடுத்தது. இரண்டு பருவங்களில் 130 கதைகள். அத்தனையையும் புதிதாக வரைய முடியுமா? வாளை உயர்த்தும் காட்சி ஒவ்வொரு வாரமும் அச்சுப் பிசகாமல் அதேபோல் வந்ததற்குக் காரணம், அது உண்மையிலேயே அதே காட்சி என்பதுதான். நாங்கள் அதைச் சடங்கின் புனிதம் என்று நினைத்துக்கொண்டு கைகட்டிப் பார்த்திருந்தோம்.

இந்தச் சிக்கனத்தின் உத்தம புத்திரன் ஓர்கோ. அரண்மனை விதூஷகன், அந்தரத்தில் மிதப்பவன், தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே இரு கண்கள் மட்டும் தெரியும், முகம் எப்படி என்று தொடரைப் பார்த்த நாங்கள் யாரும் கண்டதில்லை. அவனுக்கு முதலில் கோர்ப்போ என்றுதான் பெயர் வைத்தார்கள். படத்தாளை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு மீண்டும் உபயோகிக்கவேண்டுமானால் மார்பிலுள்ள எழுத்து எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாததாக இருக்கவேண்டுமே என்று, வட்டமான ஆங்கில 'ஓ' எழுத்தை அங்கே பொறித்து, அதற்கேற்ப ஓர்கோ என்று நாமகரணம் செய்தார்கள். அவனுக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? நிறுவனத்தின் தலைவர் லூ ஷைமரே! டிரோல்லா என்ற தன் தேசத்தில் ஓர்கோ தேர்ந்த மந்திரவாதி. அங்கே பலித்த வித்தை, புயலில் அகப்பட்டு வந்து சேர்ந்த ஹீ-மேனின் லோகத்தில் தலைகீழாகப் பலிக்கிறது. சொந்த ஊரில் பெரிய மனிதராயிருந்து, பட்டணத்துக்கு வந்து பஸ் ஏறத் தெரியாமல் நிற்கும் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். ஓர்கோவிடம் எனக்கு உண்டான பட்சம் அவ்வகையைச் சேர்ந்தது.

ஹீ-மேனை விட்டு ஓர்கோவாகவே ஆடுகிறேன் என்றேன். "மாமா, இவன்தான் உங்களுக்கு" என்றான் மருமகன், விதிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து. அதில், தன் மந்திரம் தனக்கே அடங்காத ஒரு வகை மந்திரவாதி இருக்கிறான். அவன் மந்திரம் ஏவினதும் டஞ்சன் மாஸ்டர் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லலாம். 1 விழுந்தால் நூறு இலக்க அட்டவணை ஒன்றைப் பார்க்கவேண்டும். அதில் தன் தலைமேலேயே அக்கினிக் கோளம் வெடிக்கும் ஆபத்தும் உண்டு, சற்று நேரம் பூந்தொட்டிச் செடியாகிவிடும் அவமானமும் உண்டு. கட்டுக்கடங்காத விபரீதங்களுக்கும் அட்டவணை போட்டு வைத்திருக்கிற அந்த நிதானம் என்னைக் கவர்ந்தது. பறக்கும் சக்தியை மாத்திரம் மருமகன் மறுத்துவிட்டான். முதல் நிலையில் பறக்க விட்டால் குழியும் இல்லை, மதிலும் இல்லை, கதையே இல்லை என்றான். தரையிலிருந்து அரை அடி மிதப்பதாகவும், ஆனால் நடப்பவர்களுக்கு உள்ள கஷ்டம் எல்லாம் எனக்கும் உண்டு என்றும் சமரசம் ஏற்பட்டது.

இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று கருதுகிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இந்த ஆட்டத்தின் பிரசித்தமான மிருகங்களில், ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஒன்றும், தொட்ட இரும்பைத் துருவாக்கும் ஒன்றும், ஹாங்காங்கில் செய்து மலிவுக் கடையில் பையில் போட்டு விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து கைகாக்ஸ் கற்பித்தவை. பொம்மை செய்தவனுக்கு அது இன்ன பிராணி என்றே தெரிந்திருக்குமோ என்னவோ. மேஜைக்கு வந்த பிறகு அதற்கு ஆகாரமும் குணமும் பயமும் உண்டாகிவிட்டன. ஹீ-மேனை நான் கொண்டுபோனது அன்னிய ஸ்தலத்துக்கு அல்ல.

என் பாட்டியோடு தாயம் ஆடி வளர்ந்தவன் நான். இடுப்பில் பொடி டப்பியைச் செருகிக்கொண்டு, பித்தளைத் தாயக்கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து அவள் உருட்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் 1 விழாமல் காய் இறங்காது. 1-க்காகத் தவம் கிடப்போம். இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்திலோ 1 என்பது மகா அபசகுனம். இரண்டாம் சனிக்கிழமை, ஒரு கணவாயில் கோப்ளின் என்ற குட்டிச் சாத்தான்கள் மூன்று எங்களை வழிமறித்தபோது, நான் தூக்க மந்திரம் ஏவி, பகடையை உருட்டினேன். மூவரும் "ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்ட அதே க்ஷணத்தில், நாற்பது வருஷத்துப் பழக்கத்தால் என் வாயிலிருந்து, "தாயம்!" என்ற சந்தோஷக் கூக்குரல் எழும்பிவிட்டது. படுக்கையறையிலிருந்து என் மனைவி என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தாள்.

அட்டவணையைப் பார்த்து மருமகன் வாசித்தான். என் முகத்தில் இறகுகளால் ஆன நீண்ட தாடி முளைத்துவிட்டது. தும்மல் வரும் வரையில் அது போகாது. முகமே இல்லாத ஓர்கோவுக்குத் தாடி! கழுத்துத் துணிக்குக் கீழே அது வழிந்து தொங்குவதாக முடிவு செய்தோம். சாத்தான்களில் இரண்டு உறங்கிப் போயின. மூன்றாவது, கத்தியைத் தாழ்த்தி, வாயைப் பிளந்து என் தாடியையே பார்த்து நின்றது.

"என் மூட்டையில் பொடி டப்பி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதி வைக்கலையே, மாமா" என்று யோசித்தவன், எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அத்தையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பகடையை அவள் பக்கமாக நகர்த்தினான்.