இனிப்பை நினைக்கும் ஈ

வாழைக்குலை பழுத்துத் தொங்கும் நாள்களில் அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் வட்டமிடுவதை நம் வீடுகளில் காணாதார் இலர். கண்டவுடன் முறத்தை எடுத்து விசிறுவோம். நாமும் அவ்வாறே விரட்டி வந்தவர்தாம். அந்த எள்ளளவு உயிரின் தலைக்குள் நினைவு எங்ஙனம் பதிகிறது என்று படித்த பின்னரே விசிறிய கை சற்றே நின்றது.

நம் நாட்டில் இவ்வீயைப் பெரும் ஆய்வுப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் உபைத் சித்தீகி. 1932-இல் உத்தரப் பிரதேசத்துப் பஸ்தியில் பிறந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, 1962-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். வெரோனிகா ராட்ரிக்ஸ் என்னும் தம் மாணவியாருடன் ஈ எவ்வாறு முகர்கிறது, எவ்வாறு சுவைக்கிறது என்று துருவினார். 2013-இல் பெங்களூரில் மறைந்தார்.

முகர்தலிலிருந்து நினைவுக்கு ஓரடிதான் தொலைவு. 1974-இல் அமெரிக்காவில் பென்சர் குழுவினர் ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துத் தர, ஈக்கள் அம்மணத்தை வெறுக்கக் கற்றன. 1983-இல் குவின் குழுவினர் பசித்த ஈக்களுக்கு மணத்தோடு சர்க்கரை தந்தனர். அதிர்ச்சி தந்த நினைவு சில மணி நேரத்தில் மங்கிற்று. சர்க்கரை தந்த நினைவோ மறுநாளும் நின்றது! ஆயினும், இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் அதிர்ச்சி தந்தால் அதுவும் நாள்கணக்கில் அழியாதிருக்கும் என்பது பின்னர்த் தெரிந்தது.

ஈயின் மூளையில் ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்களே உள. அவற்றுள் காளான் வடிவான ஒரு பகுதியில் ஒவ்வொரு மணத்துக்கும் சில அணுக்கள் மட்டும் விழித்தெழும். அவ்வேளை நாவில் இனிப்புப் பட்டால் டோபமின் என்னும் பொருள் அங்கே சுரக்கிறது. இனிப்பின் செய்தியைக் கொணர்வது அதுவே என்று 2012-இல் இரு குழுவினர் நிறுவினர். அது செய்யும் வேலைதான் வியப்பு. விழித்த அணுக்களிலிருந்து 'விலகிப் போ' என்னும் ஏவலுக்குச் செல்லும் இணைப்பை அது தளர்த்திவிடுகிறது. விலக்கும் விசை குன்றவே, ஈ அம்மணத்தை நாடுகிறது.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காட்டுப்பள்ளி நினைவுக்கு வந்தது.

1981-இல் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் அம்மணற்பரப்பில் மீனவப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்லி வந்தோம். அங்கே ஒரு பையன், பத்து வயதிருக்கும். ஓதம் ஏறுவதையும் மடவை வரும் திசையையும் காற்றை முகர்ந்தே சொல்வான். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் வராது. நாள்தோறும் உள்ளங்கையில் பிரம்பால் அடித்தோம். பசியோடு வந்தானா என்று ஒருநாளும் கேட்டோமில்லை. அவ்வாண்டு மழைக்காலத்துக்குப் பின் அவன் வரவேயில்லை. வலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நாமும் பெயரை அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனோம்.

ஈயின் கணக்கைப் பிள்ளைமீது அப்படியே போடலாகாது என்பதை அறிவோம். எனினும் நாம் தந்தது இடைவெளி விட்ட அதிர்ச்சியேயன்றி வேறென்ன?

சில ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டுப் படகுத்துறையில் நரைத்த தலையர் ஒருவர் நம்மை அடையாளம் கண்டு நின்றார். அவரேதான். வலக்கையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது குளிருக்கான காலமன்று. நமக்கு நா எழவில்லை. அவரே பேசினார்.

"வாத்தியாரே, பெருநாளுக்கு உங்க அம்மா எங்களுக்கெல்லாம் பணியாரம் குடுத்தனுப்புவாங்களே, அவங்க இருக்காங்களா?"

உம்மா காலமாகிப் பல்லாண்டு ஆயிற்று என்றோம். "அந்த ஏலக்கா வாசனை..." என்று தொடங்கியவர், படகு கிளம்பவே ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.